விளையாட்டு கேட்கும் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தை எப்படிக் கற்றுத்தருவது என்பது இன்றைய பொருள். சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயதுக்கு, சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்குவதைப் போலப் பொருத்தமான வழி வேறில்லை. ஆனால் அது பலன் தர ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு கருத்து இல்லாமல் தன் விளையாட்டு நகராது என்று பிள்ளை தவிக்கும் நேரத்தில்தான் அந்தக் கருத்தை ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அது இன்னொரு மனப்பாடம் ஆகிவிடும்.

இதைப் பேசுவதற்கான வேளை வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் சார்ந்த செயல்பாடுகள் தொடங்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகு ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகம் செய்கிறது. வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் பாடத்தின் முடிவில் வரும் வினாக்களைப் பாருங்கள். அசைவூட்டத்துக்கு உதவும் மென்பொருள் எது, நிரலைத் தொகுக்கும் பகுதி எது என்று கேட்கின்றன. கணினியைத் தொடாத பிள்ளையும் விடை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். இந்த வழியிலேயே போனால், இன்னும் பத்து ஆண்டுகளில் எல்லாப் பள்ளியிலும் கோடிங் இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் செய்யத் தெரிந்திருக்காது.

இந்தக் கல்விக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியூர்சாய்க், சீமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். லோகோ என்றதும் திரையில் கோடு போட்டுக்கொண்டு நகரும் ஆமைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆமை பின்னால் வந்தது. 1968-69இல் லெக்சிங்டன் ஊரின் மஸ்ஸி பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கமான கணக்குப் பாடத்துக்குப் பதிலாக லோகோ படித்தபோது, அவர்கள் கையில் இருந்தவை சொற்களும் எண்களும் மட்டுமே. அவற்றைக் கொண்டே விளையாட்டுகளை எழுதினார்கள், வாக்கியம் அமைக்கும் நிரல்களை எழுதினார்கள்.

பாப்பெர்ட் 1980இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். படிப்பில் சுமார் என்று பெயர் வாங்கியவள். கணினியைக் கவிதை போன்ற வரிகள் எழுத வைக்க முயன்றாள். எல்லாச் சொற்களையும் ஒரே பட்டியலில் கொட்டினால் உளறல்தான் வருகிறது. பெயர்ச்சொற்களைத் தனியாகவும் வினைச்சொற்களைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்த பிறகே வாக்கியம் வருகிறது. இலக்கண வகுப்பில் இத்தனை நாள் ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கியது. பெயர்ச்சொல்லுக்கான வரையறை அவளுக்கு முன்பே தெரியும். அது எதற்கு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பாப்பெர்ட்டின் வழியில் வந்தவர் மிட்சல் ரெஸ்னிக். எம்.ஐ.டி. மீடியா லேபில் அவருடைய குழு 2007இல் ஸ்கிராட்சை வெளியிட்டது. அவர் ஒரு பேச்சில் சொன்ன நிகழ்ச்சி இது. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் வந்துபோகும் கணினிக் கழகம் ஒன்றில், பதிமூன்று வயதுப் பையன் பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். எத்தனை மீன் தின்றது என்று ஸ்கோர் காட்ட வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. ரெஸ்னிக் 'மாறி' என்ற ஒன்றைக் காட்டினார். ஓர் எண்ணைப் பெயர் போட்டு வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது ஒன்று கூட்டலாம், அவ்வளவுதான். பையன் அவர் கையைப் பிடித்து நன்றி, நன்றி என்று குலுக்கினானாம். இயற்கணித வகுப்பில் மாறியைச் சொல்லிக்கொடுத்ததற்காக எந்த ஆசிரியருக்காவது இப்படி நன்றி கிடைத்ததுண்டா என்று ரெஸ்னிக் கேட்கிறார். இந்த அவையில் கணக்கு ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்கிராட்சை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைகள் எல்லாம் வண்ணப் பிளாக்குகளாகத் திரையில் இருக்கும். இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். எண்ணைத் தரும் பிளாக்கின் முனை வளைவாக இருக்கும். உண்மையா பொய்யா என்று சொல்லும் பிளாக்கின் முனை கூராக இருக்கும். கூரான முனைக்குரிய இடத்தில் வளைவானது உட்காராது. எழுத்துப்பிழைக்கும் விடுபட்ட அடைப்புக்குறிக்கும் இங்கே இடமே இல்லை. ஆங்கில விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டும் நம் கிராமத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் யோசிப்பதற்கு மிச்சமாகிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை 'எழில்' என்ற மொழியை உருவாக்கியதும் இதே கவலையில் பிறந்த முயற்சிதான்.

பிளாக் போட்டால் எழுத்துப்பிழை போய்விடும். யோசனையில் உள்ள பிழை போகாது. போகவும் கூடாது, பாடமே அங்கேதான் இருக்கிறது. நான் போயிருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் கண்டதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு. ஒரு கணினிக்கு மூன்று பேர். மேலிருந்து மாம்பழம் விழும், கீழே கூடையை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும், இதுதான் விளையாட்டு. மாம்பழத்தை ஒரு பெண்ணே வரைந்திருந்தாள். பழம் கூடையில் விழுந்தால் ஸ்கோர் ஒன்று கூட வேண்டும். ஓட்டிப் பார்த்தார்கள்.

"சார், ஒரு பழம்தான் பிடிச்சேன், பதினாலு ஏறிடுச்சு."

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்" என்றான் பக்கத்துப் பையன்.

வகுப்பாசிரியர் அருமையான மனிதர். விடை தெரிந்தும் சொல்லவில்லை. "பழம் ஒரு தடவைக்கு எவ்வளவு இறங்குது?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றார்கள். "பத்தாக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டார். பத்து ஆக்கியதும் ஸ்கோர் ஏழுதான் ஏறியது. மூவரும் வாயடைத்துப் போனார்கள். மாம்பழம் வரைந்த பெண்தான் முதலில் பேசினாள். வேகமாகப் போனால் கூடையை விட்டுச் சீக்கிரம் தாண்டிவிடுகிறது, கூடையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் வரை ஒவ்வொரு தடவையும் ஒன்று ஏறுகிறது என்றாள்.

நடந்தது அதுதான். 'எப்போதும்' என்ற பிளாக்குக்குள் இருக்கும் கட்டளைகளை ஸ்கிராட்ச் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை செய்கிறது. பழம் கூடையின் குறுக்கே இறங்கும் நேரம் முழுவதும், தொடுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடையே திரும்பத் திரும்ப வருகிறது. பழத்தின் உயரமும் கூடையின் உயரமும் சேர்ந்து 70 என்றால், ஐந்து ஐந்தாக இறங்கும்போது 14 முறை, பத்துப் பத்தாக இறங்கும்போது 7 முறை. எதிர்விகிதம் என்று நாம் பாடம் நடத்தும் செய்தி அவர்கள் கண்முன் நின்றது. பிறகு தீர்வையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஸ்கோர் கூடிய மறுகணமே பழத்தை மேலே அனுப்பிவிட வேண்டும். மேலே எங்கே? உயரம் 180. இடமா வலமா? எங்கே வேண்டுமானாலும். அப்படியானால் −220க்கும் 220க்கும் இடையில் ஏதோ ஓர் எண்.

அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். ஸ்கிராட்சின் மேடை 480 அகலம், 360 உயரம், நடுப்புள்ளி சுழியம். இடப்பக்கம் போனால் எண் எதிர்மம் ஆகிவிடும். ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடத்தை நடத்தும்போது கடன், வெப்பநிலை, கடல்மட்டம் என்று எத்தனையோ எடுத்துக்காட்டுகளைத் தேடுகிறோம். இங்கே கூடை இடப்பக்கம் போக வேண்டும் என்பதற்காகவே பிள்ளை −10 போடுகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எட்டாம் வகுப்புப் பையன்களிடம் என்ன விளையாட்டு வேண்டும் என்று கேட்டால், ஆள் குதிக்க வேண்டும் என்பார்கள். முதலில் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள்: பத்துப் பத்தாக மேலே போ, பத்துப் பத்தாகக் கீழே வா. ஆள் லிஃப்டில் போய் வருவது போல் இருக்கும். "இது குதிக்கிற மாதிரி இல்லையே" என்ற குறை அவர்கள் வாயிலிருந்தே வரும். அப்போதுதான் வேகத்துக்கு என்று ஒரு மாறியை வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தொடக்க வேகம் 12. ஒவ்வொரு முறையும் அந்த வேகத்தின் அளவு மேலே ஏறு. ஏறிய பிறகு வேகத்தில் ஒன்றைக் குறை. 12, 11, 10 என்று குறைந்து, சுழியமாகி, −1, −2 என்று இறங்க ஆரம்பிக்கும். ஆள் உண்மையாகவே குதிக்கிறான். உச்சியில் ஒரு கணம் தயங்குகிறான்.

எவ்வளவு உயரம் போனான்? 12 முதல் 1 வரை கூட்டினால் 78. சரி, இரண்டு மடங்கு வேகம் கொடுத்தால்? வகுப்பே 156 என்று கத்தும். 24 போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஆள் 300 உயரம் போய்விடுவான், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஏன் என்று பிள்ளைகள் காகிதத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பிப்பார்கள். இயற்பியலில் வரும் வேகத்தின் வர்க்கம் என்ற செய்தியை அவர்கள் இன்னும் சில ஆண்டுகள் கழித்துச் சூத்திரமாகப் படிப்பார்கள். அன்றைக்கு அது புதிதாக இருக்காது.

இனி, நடுநிலைப் பள்ளிகளுக்கென்றே நடந்த ஒரு பெருமுயற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரெப்பெனிங் 'ஏஜென்ட்ஷீட்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அதைக் கொண்டு அந்த மாநிலப் பள்ளிகளில் 'ஸ்கேலபிள் கேம் டிசைன்' என்ற திட்டத்தை நடத்தினார். விரும்பிய சிலருக்கு மாலையில் நடத்தும் வகுப்பாக இல்லாமல், பள்ளி நேரத்திலேயே எல்லாப் பிள்ளைகளும் உட்காரும் பாடமாக வைத்தது அதன் சிறப்பு. மாலை வகுப்புக்கு ஏற்கெனவே கணினி மேல் ஆசை உள்ள பையன்கள்தான் வருவார்கள். வராதவர்களை எட்டுவதே அவர் நோக்கம்.

அவர்கள் முதலில் செய்வது தவளை சாலையைக் கடக்கும் 'ஃப்ராகர்'. 1981இல் கொனாமி நிறுவனம் உருவாக்கிய பழைய விளையாட்டு. ஒரு குகையிலிருந்து லாரிகள் பிறக்க வேண்டும், மறு குகையில் மறைய வேண்டும். லாரி மோதினால் தவளை சாக வேண்டும். ஆற்றில் மிதக்கும் கட்டை தவளையைச் சுமந்து போக வேண்டும். பிறத்தல், மறைதல், மோதல், சுமத்தல் ஆகியவற்றைத் தனித்தனிக் கருத்துகளாகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். பெயர் தெரிந்துவிட்டால், அடுத்த விளையாட்டில் அதே கருத்து வரும்போது பிள்ளை அதை இனம் கண்டுகொள்ளும்.

பின்னால் 'பேக்மேன்' போன்ற விளையாட்டு வருகிறது. பேய்கள் சுவர்களைச் சுற்றி ஆளைத் துரத்த வேண்டும். பேய்க்கு வழி எப்படித் தெரியும்? ஆள் நிற்கும் கட்டத்துக்கு 1000 போன்ற ஒரு பெரிய எண்ணைக் கொடு. மற்ற ஒவ்வொரு தரைக் கட்டமும் தன் நான்கு பக்கத்துக் கட்டங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நேரத்தில் ஆளின் வாசனை போல அந்த எண் தளமெங்கும் பரவிவிடும். சுவருக்குள் மட்டும் புகாது. பேய் செய்ய வேண்டியது, சுற்றியுள்ள கட்டங்களில் பெரிய எண் எதுவோ அங்கே அடியெடுத்து வைப்பதுதான். எளிய சராசரிக் கணக்கை வைத்து, சுவரைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும் பேயைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படைத்துவிடுகிறது. சூடான கம்பியில் வெப்பம் பரவுவதற்கும் இதே சராசரிதான். விளையாட்டில் கற்ற பிள்ளையை அறிவியல் ஆசிரியர் அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துப் போகலாம். காட்டுத்தீ பரவும் விதத்தைக் காட்டும் மாதிரிகள் வரை அந்தப் பள்ளிகளில் செய்தார்கள்.

அந்தத் திட்டத்தின் ஆய்வாளர்கள் சொன்ன ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆசிரியர் படிப்படியாகச் சொல்ல, பிள்ளைகள் அப்படியே செய்த வகுப்புகளைவிட, கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க விட்ட வகுப்புகளில் பெண் குழந்தைகளின் ஆர்வம் நன்றாக நிலைத்தது. பெண்களுக்குக் கணினி பிடிக்காது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பிடிக்காமல் போனது கணினியா, நாம் சொல்லிக்கொடுத்த விதமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிரலாக்கம் கற்ற பிள்ளைகள் எல்லாவற்றிலும் திட்டமிட்டுச் சிந்திப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை 1984இலேயே ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். லோகோ படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. கோடிங் படித்தால் மூளை தானாகக் கூர்மையாகும் என்று விளம்பரம் செய்து பெற்றோரிடம் பணம் வாங்குகிறவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடுவது ஆசிரியர் வேலை, மென்பொருள் அதைச் செய்யாது. 2011இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மற்றொரு குறையைக் காட்டினார்கள். ஸ்கிராட்சில் பழகும் பிள்ளைகள் திட்டமே இல்லாமல் பிளாக்குகளை இழுத்துப்போட்டு ஒட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள் என்றார்கள். இது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். கணினியைத் திறக்கும் முன்பே விளையாட்டின் விதிகளை நோட்டில் தமிழில் எழுதி வரச் சொன்னால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும்.

பிளாக் எல்லாம் பொம்மை வேலை, எடுத்ததும் பைத்தான் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு டேவிட் வெய்ன்ட்ராப், யூரி விலென்ஸ்கி ஆகியோரின் ஆய்வு பதில் தருகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பிளாக்கில் தொடங்கியவர்கள், எழுத்து நிரலில் தொடங்கியவர்களைவிட முதலில் அதிகம் கற்றார்கள். பிறகு இரு சாராரும் ஜாவாவுக்கு மாறிச் சில வாரங்கள் ஆனதும் வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, பிளாக்கில் தொடங்கியதால் யாரும் எதையும் இழக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி இது எதற்கு என்ற கேள்வியும் இப்போது வருகிறது. மாம்பழ விளையாட்டை அது ஒரு நொடியில் எழுதித் தரும். ஆனால் ஸ்கோர் பதினான்கு ஏறியபோது இது தவறு என்று சொன்னது யார்? விளையாடிய பெண். ஏன் தவறு என்று கண்டுபிடித்ததும் அவள்தான். இயந்திரம் தந்ததைச் சரிபார்க்கும் அந்தத் திறமை, தன் கையால் செய்து, தவறி, திருத்திய பிள்ளைக்கே வரும்.

நம் பள்ளிகளில் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்கிராட்ச் இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும். பென் டிரைவில் எடுத்துப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். கணினிகள் போதாது என்பது மெய்யான குறைதான். ஆனாலும் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதை நான் பெரிய கெடுதலாகப் பார்க்கவில்லை, மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொண்டால் போதும். எனக்குப் பெரிய கவலை மதிப்பெண்தான். எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் நம் பள்ளிகள் நடத்தும்.

யாஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரிடம், மூன்றாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரும் விளையாட்டுகளைச் செய்யச் சொன்னார். பல மாதங்கள் நடந்த வேலை அது. 1995இல் நூலாக வந்தது. தனக்கு இளையவர்களுக்குப் புரிய வேண்டுமே என்ற கவலை அந்தப் பிள்ளைகளைப் பின்னத்தை மறுபடி மறுபடி யோசிக்க வைத்தது. நாமும் அப்படிச் செய்யலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்த விளையாட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். செய்தவர் பின்னால் நிற்கட்டும், வாய் திறக்கக்கூடாது. சின்னப் பிள்ளை எங்கே விழித்தது, எந்த இடத்தில் எழுந்து போய்விட்டது, எதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த வாரம் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று அதே பக்கத்தில் எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த நோட்டுக்குக் கொடுங்கள். எழுத்துத் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றால், மேடையின் பகுதிகளுக்குப் பெயர் கேட்காமல், பிழையுள்ள ஒரு நிரலை அச்சிட்டு, இதை ஓட்டினால் ஸ்கோர் எவ்வளவு ஏறும், ஏன் என்று கேளுங்கள். இந்த அறக்கட்டளையின் உதவியோடு அப்படிப்பட்ட வினாக்களின் தொகுப்பு ஒன்றை ஆசிரியர்களே எழுதி, தமிழில் அச்சிட்டு, வரும் கல்வியாண்டுக்குள் இந்த மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொடுக்க முடியும். எழுத முன்வரும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன்.